நஞ்சுக்கொடி பிரிந்த பின் மூளையில் என்ன நடக்கிறது?

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் பல பெண்கள் காரணம் தெரியாமல் அழுவார்கள். பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே கண்ணீர் வடியும். இது பெரும்பாலான தாய்மாருக்கு வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டால் அது வேறு விஷயம். குழந்தை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, குழந்தையைத் தூக்கவே மனம் வராது, 'அம்மாவாக இருக்க நான் லாயக்கில்லை' என்ற எண்ணம் விடாமல் அரிக்கும். மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்பது இதுதான்.

"ஊரில் எல்லாருக்கும்தான் பிள்ளை பிறக்குது, இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கும் தொனி தவறு. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் பல ஆண்டுகளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கர்ப்பகாலத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. முதல் சில மாதங்களுக்குப் பிறகு அதைச் சுரப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடிதான். பிரசவத்தில் அது வெளியே வந்துவிட்டால், சில நாட்களிலேயே ஹார்மோன் தரைமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்த வீழ்ச்சி எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. அப்படியானால் ஏன் சிலருக்கு மட்டும் மனச்சோர்வு?

அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகவே விடை தேடியது. 16 பெண்கள், யாரும் கர்ப்பமாக இல்லை. 8 பேர் முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்டவர்கள், மற்ற 8 பேருக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. எல்லாருக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் 8 வாரம் கொடுத்து, கர்ப்பகாலம்போல ஒரு நிலையை உண்டாக்கி, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். முன்பு நோய் கண்ட 8 பேரில் 5 பேருக்கு மனநிலை சரிந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இவ்வளவு தெளிவான விடை மனநல ஆராய்ச்சியில் அடிக்கடி கிடைப்பதில்லை. கொடுத்த ஹார்மோன் எல்லாருக்கும் ஒன்றே, அது குறைவதைத் தாங்கும் விதம்தான் ஆளுக்கு ஆள் மாறியது.

சரி, மூளைக்குள் என்ன ஆகிறது? திருவாரூர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுக்க, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டபடி சிலர் கூடவே வருவார்கள். அவர்கள் இல்லையென்றால் தேர் யார் சொல்லியும் நிற்காது. மூளையில் நரம்பணுக்கள் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடையாமல் இப்படி முட்டுக்கட்டை போடும் வேதிப்பொருள் காபா. அது வேலை செய்யும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அல்லோபிரெக்னனலோன் என்னும் பொருள் இந்த ஏற்பிகளில் அமர்ந்து, போட்ட கட்டையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது.

கர்ப்பத்தில் இந்தப் பொருள் ஏராளம். ஒவ்வொரு கட்டையும் இரட்டிப்பாகப் பிடித்தால் தேர் நகரவே நகராது. அதனால் மூளை கட்டை போடும் ஆட்களையே, அதாவது ஏற்பிகளையே, குறைத்துக்கொள்கிறது. பிரசவத்துக்குப் பின் அந்த இறுக்கம் திடீரென்று போய்விடும்போது, குறைத்த ஆட்களை உடனே திரும்ப அழைத்தாக வேண்டும். அழைப்பு தாமதமானால் தேர் தறிகெட்டு ஓடும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஜேமி மக்வயரும் இஷ்ட்வான் மோடியும் 2008இல் இதை எலிகளில் காட்டினார்கள். சாதாரண எலிகளில் கர்ப்பத்தின்போது ஒரு வகை காபா ஏற்பி குறைந்து, ஈன்றபின் மீண்டது. அந்த ஏற்பி சரியாக அமையாதபடி மரபணு மாற்றிய எலிகளோ ஒழுங்காகக் கூடு கட்டவில்லை, குட்டிகளைச் சிதறவிட்டுக் கவனிக்காமல் கிடந்தன. அந்த ஏற்பியைத் தூண்டும் மருந்து கொடுத்ததும் நடத்தை தேறியது.

இந்தப் பாதையில்தான் மருந்தும் வந்தது. அல்லோபிரெக்னனலோனையே ரத்தக்குழாய் வழியாக 60 மணி நேரம் ஏற்றும் பிரெக்சனலோனுக்கு 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கான பரிசோதனைகளை முன்னின்று நடத்தியவர் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சமந்தா மெல்ட்சர்-பிராடி. 2023இல் அதே வழியில் வேலை செய்யும் சுரனலோன் மாத்திரை வந்தது, 14 நாள் மட்டும். வழக்கமான மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட வாரங்கள் ஆகும். இது சில நாட்களிலேயே காட்டியது. தூக்கக் கலக்கம் கடுமையாக இருக்கும், விழுங்கிய 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. பிரெக்சனலோன் வந்தபோது ஒருவருக்கு 34,000 டாலர் ஆனது. இதை வைத்துக்கொண்டு நம் கிராமங்களுக்கு என்ன செய்வது?

அதற்கு வேலூருக்கு வர வேண்டும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், 11 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால் குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைகொடுக்க ஆள் இல்லாமை என்று நீள்கிறது பட்டியல். இவையும் மூளைக்குள்தான் போய்ச் சேருகின்றன. அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கத் தூண்டும் நரம்பணுக்களுக்கும் காபாதான் முட்டுக்கட்டை. கட்டை ஏற்கெனவே தளர்ந்திருக்கும் வேளையில், 'மறுபடியும் பொண்ணா?' என்ற ஒரு சொல் விழுவது எத்தனை பாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வரும் பாரத்தை வீட்டிலேயே இறக்க முடியும் என்று காட்டியது பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் நடந்த ஆய்வு. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் அதிஃப் ரஹ்மான் குழு, பள்ளிப்படிப்பு மட்டுமே முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு 16 முறை அனுப்பியது. 'உனக்கு மனநோய்' என்று அவர்கள் பேச்சைத் தொடங்கவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும் என்ற விஷயத்தில் தொடங்கி, குடும்பத்தாரையும் பேச்சுக்குள் இழுத்து, தாயின் 'என்னால் முடியாது' என்ற எண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். 2008இல் வந்த முடிவு: குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்தப் பயிற்சி இல்லாதவர்கள் போய்வந்த வீடுகளில் 53 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு நீடித்தது, பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் 23 சதவீதம். எனக்கு எந்த மாத்திரையைவிடவும் பெரிய செய்தி இதுதான்.

கண்டுபிடிப்பதும் கடினமில்லை. இந்த மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் எடின்பரோ அளவுகோலில் மொத்தமே 10 கேள்விகள், தமிழ் வடிவம் வேலூரிலேயே சரிபார்க்கப்பட்டது. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிவரும் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் கேட்டுவிடலாம். பத்தாவது கேள்வி, தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'வந்தது' என்று ஒரு தாய் சொன்னால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நள்ளிரவாக இருந்தாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416 இலவசமாகத் தமிழில் கிடைக்கும்.