முகமூடிக்குள் இருந்தது யார்?

எடிட்டிங்கில் ஒரு சண்டைக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால், நடிகர் எங்கே விலகி டூப் எங்கே வருகிறார் என்று தெரிந்துவிடும். முகம் காட்டிக்கொடுக்கும் என்பதால் அந்த ஷாட்களை முதுகுப்பக்கமாக வைத்து, சட்டென்று வெட்டுவோம். முகமே மூடியிருந்தால் அந்தக் கவலை இல்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் அந்த உடைக்குள் மாறி மாறிப் போகலாம். டைட்டிலில் மட்டும் பெரும்பாலும் ஒரே பெயர் வரும். அந்தப் பெயரை அப்படியே நம்பி 'இவர்தான் நடித்தார்' என்று எழுதாதீர்கள்.

1981-இல் வந்த 'ஃப்ரைடே தி தர்டீன்த்' திகில் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். கொலைகாரன் ஜேசன் அதில் தலையில் சாக்கு மாட்டியிருப்பான். அவனுக்கு அடையாளமாகிப்போன ஹாக்கி முகமூடி அடுத்த பாகத்தில்தான். ஜேசன் என்று டைட்டிலில் வருவது வாரிங்டன் ஜில்லெட்டின் பெயர். ஆனால் சாக்கோடு வரும் காட்சிகளில் பெரும்பாலும் இருந்தவர் ஸ்டீவ் டாஸ்காவிஸ் என்ற சண்டைக் கலைஞர். கடைசியில் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்கிறதே, முகம் தெரியும் அந்த உருவம்தான் ஜில்லெட். ஆரம்பக் காட்சியில் தெருவில் நடந்து வரும் கால்களோ உடை வடிவமைப்பாளர் எலன் லட்டருடையவை! படப்பிடிப்பில் வெட்டுக்கத்தி பட்டு விரலில் தையல் போட்டுக்கொண்டவர் டாஸ்காவிஸ். அவர் பெயரை ஸ்டண்ட் பட்டியலில் தேட வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

'ஸ்டார் வார்ஸ்' படங்களின் முகமூடி வில்லன் டார்த் வேடரும் இப்படித்தான். உடைக்குள் டேவிட் ப்ரௌஸ், குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், 1983 படத்தில் முகமூடி கழன்றதும் தெரியும் முகம் செபாஸ்டியன் ஷா. 1980, 1983 படங்களின் வாள்சண்டை பாப் ஆண்டர்சனுடையது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள் பிடித்தவர் அவர். இதை 1983-இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னவர் அந்தப் படங்களின் நாயகன் மார்க் ஹாமில். எதிரே நின்று வாள் வீசியவரே சொன்ன பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்?

சரி, நாமாகக் கண்டுபிடிக்க முடியுமா? உயரத்தை நம்பாதீர்கள். பூட்ஸும் கேமரா கோணமும் அதை மாற்றிவிடும். நடையைப் பாருங்கள், திரும்பும்போது முதலில் தோள் போகிறதா தலை போகிறதா என்று பாருங்கள். அது ஆளுக்கு ஆள் வேறு, எளிதில் மாறாது. ஆனால் ஒரு ஷாட்டில் வித்தியாசம் தெரிந்ததும் 'டைட்டிலில் இருப்பவர் நடிக்கவே இல்லை' என்று கிளப்பிவிடுவதும் தப்பு. வேடரின் அந்தக் கம்பீர நடை ப்ரௌஸ் கொடுத்தது, அதை யாரும் பறிக்கக் கூடாது. எந்த ஷாட்டில் யார் என்று கேளுங்கள். படக்குழுவினரின் பேட்டிகளையும் ஸ்டண்ட் பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள்.

முகமூடிக்குள் வேலை செய்யப் போகும் சண்டைக் கலைஞர்களே, பெயர் எங்கே, எப்படி வரும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் நடக்கக்கூடியதுதான். 2023-இல் 'தி மாண்டலோரியன்' என்ற 'ஸ்டார் வார்ஸ்' தொடரின் மூன்றாம் சீசனில், நாயகனாக டைட்டிலில் வரும் பெட்ரோ பாஸ்கலோடு, அந்த நாயகனின் கவசத்துக்குள் இருந்த பிரெண்டன் வேய்ன், லதீஃப் க்ரவுடர் இருவரின் பெயர்களும் முதன்மை டைட்டில்களிலேயே வந்தன.