வெளியே கால்மணி நேரம் சும்மா நின்ற குட்டி, உள்ளே வந்ததும் ஏன் நனைக்கிறது?

தோட்டத்தில் கால்மணி நேரமாக நிற்கிறீர்கள். நாய்க்குட்டி புல்லை முகர்கிறது, உதிர்ந்த இலையைத் துரத்துகிறது, எங்கோ குரைத்த நாய்க்குக் காதைத் தூக்குகிறது. ஒரு சொட்டுகூட விடவில்லை. அலுத்துப்போய் உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்துகிறீர்கள். அடுத்த நிமிடமே கால்மிதியின் மேல் குந்திவிடுகிறது. இதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்வது, "வேண்டுமென்றே செய்கிறது, சரியான அடம்." அந்தக் கால்மணி நேரத்தில் குட்டியின் உடலுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

சிறுநீர்ப்பையை இரண்டு நரம்புக் கூட்டங்கள் ஆள்கின்றன. பரிவு நரம்புகள் பையின் சுவரைத் தளர்த்தி, கழுத்தை இறுக்கி, நீரைத் தேக்கிவைக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் சுவரைச் சுருக்கி வெளியேற்றும். உடல் விழிப்பாக, பரபரப்பாக இருக்கும்போது முதல் கூட்டத்தின் கை ஓங்கும். புது வாசனை, புது ஓசை, ஓடும் இலை எல்லாமே குட்டிக்குப் பரபரப்புதான். வெளியே நிற்கும்வரை பை நிரம்பியிருப்பதே அதற்கு உறைப்பதில்லை. வீட்டுக்குள் வந்து, பழகிய வாசனையில் உடல் தளர்ந்ததும் இரண்டாம் கூட்டம் வேலையைத் தொடங்குகிறது. அப்போது காலடியில் இருப்பது உங்கள் கால்மிதி.

இதற்கு நாமே சேர்த்துவிடும் இன்னொரு காரணமும் உண்டு. வெளியே சிறுநீர் கழித்த மறுநொடியே குட்டியை உள்ளே தூக்கிவந்துவிடுகிறோம். நான்கு நாளில் அது ஒரு கணக்குப் போட்டுவிடும்: போனால் வேடிக்கை முடிந்துவிடும். அதனால் அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வெளியே நிற்பதை முதலில் சலிப்பாக்க வேண்டும், சிறுநீர் கழித்த பிறகு சுவையாக்க வேண்டும். சுமார் ஒன்றரை மீட்டர் கயிற்றில் கட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே சிலைபோல நில்லுங்கள். பேச வேண்டாம், கொஞ்ச வேண்டாம். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். போகவில்லையென்றால் உள்ளே கொண்டுவந்து கூண்டில் விடுங்கள், அல்லது கயிற்றை உங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள். தரையில் சுதந்திரமாக விடக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். போகும்வரை இந்தச் சுற்று தொடர வேண்டும். போய் முடித்ததும் நின்ற இடத்திலேயே தின்பண்டம், பிறகு ஐந்து நிமிடம் விளையாட்டு, அதன் பிறகுதான் வீடு. பல குட்டிகள் ஒரே தடவையில் பையைக் காலி செய்வதில்லை. முதல் முறை போன பிறகு இரண்டு நிமிடம் காத்திருந்தால் மீதியையும் விட்டுவிடும். பத்து நிமிடத்துக்கு முன்தான் போனது, அதற்குள் மறுபடியும் நனைத்துவிட்டது என்ற புலம்பலுக்குப் பல சமயம் இந்த மீதிதான் காரணம்.

அடக்கும் திறன் எப்போது வருகிறது?

பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் வரும். தாயே அதைச் சுத்தமும் செய்துவிடும். ஏறக்குறைய மூன்றாம் வாரத்தில்தான் தானாகப் போகத் தொடங்குகிறது. கால் நிலைத்ததும், படுக்கும் இடத்தைவிட்டு நாலடி தள்ளிப் போகவும் ஆரம்பிக்கும். நாம் கற்றுத்தரும் பழக்கம் முழுவதும் இந்தப் பிறவிக் குணத்தின் மேல் கட்டப்படுவதுதான். ஏழிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள், எந்தத் தரையில் போவது என்ற விருப்பம் படியத் தொடங்குகிறது. அந்த நாட்களில் பாதங்களுக்குப் பழகியது புல்லானால் புல்லைத் தேடும், செய்தித்தாளானால் தாளைத் தேடும். பஞ்சு விரிப்பில் பழகிய குட்டிக்கு உங்கள் தரைவிரிப்பும் அதே விரிப்புதான். பாதத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் படும். அடுக்குமாடியில் வேறு வழியில்லாமல் உறிஞ்சும் விரிப்பைப் பயன்படுத்துகிறவர்கள், அதன் மேல் ஒரு புல் தட்டையோ செயற்கைப் புல்லையோ வைத்தால் பின்னால் வெளியே மாற்றுவது எளிது.

பையின் வாயில் இருக்கும் வெளிச் சுருக்குத்தசையை மூளை தன் விருப்பப்படி இறுக்கிப் பிடிப்பது மெல்ல மெல்லத்தான் கைகூடும். நம்பத்தகுந்த கட்டுப்பாடு நான்கிலிருந்து ஆறு மாதத்தில் வருகிறது. அதுவரைக்கும் பயன்படும் ஒரு தோராயக் கணக்கு: மாதக்கணக்கில் வயது, கூட்டல் ஒன்று, அத்தனை மணி நேரம் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். ஆனால் இது குட்டி அசையாமல் தூங்கும்போது எட்டக்கூடிய உச்ச வரம்பு. விழித்து ஓடியாடும் குட்டியிடம் இதில் பாதியைக்கூட எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மாதக் குட்டியைப் பகலில் மணிக்கு ஒரு தடவையாவது வெளியே கொண்டுபோக வேண்டும். சிறிய இனங்களுக்குப் பையும் சிறியது. அவை பெரிய இனங்களைவிட மந்தம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த அளவு வேறுபாடுதான்.

மணிக்கணக்கைவிட முக்கியமானது தருணம். தூங்கி எழுந்த உடனே, விளையாட்டு நடுவே, தண்ணீர் குடித்த சற்று நேரத்தில், சாப்பிட்டு ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள் குட்டி போயே தீரும். சாப்பாட்டுக்கும் மலத்துக்கும் உள்ள தொடர்பு ஓர் அனிச்சைச் செயல்: இரைப்பை விரிந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். இதைச் சாதகமாக்கிக்கொள்ளலாம். நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை, குறித்த நேரத்தில் உணவு வைத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிட்டால், மலம் வரும் நேரமும் சில நாட்களில் ஒழுங்காகிவிடும். நாள் முழுக்கக் கிண்ணத்தில் தீனி கிடக்கிற வீட்டில் இந்த ஒழுங்கு வராது. தண்ணீரை மட்டும் பகலில் ஒருபோதும் தடுக்காதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, நன்றாகக் குடித்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு, கிண்ணத்தை எடுக்கலாம். கடும் வெயில் காலத்தில் அதுவும் வேண்டாம்.

விளையாட்டின் நடுவே என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். பதினைந்து நிமிடம் துள்ளிய குட்டி திடீரென்று பொம்மையை விட்டுவிட்டு, மூக்கைத் தரையில் பதித்து, சிறு வட்டமாகச் சுற்றினால் உங்களிடம் இருப்பது சில நொடிகள். அதற்குள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

தரை கொடுக்கும் பரிசு

1898-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகளிலிருந்து ஒரு விதி பிறந்தது: இதமான விளைவைத் தரும் செயலை விலங்கு மறுபடி செய்யும். நிரம்பிய பையைக் காலி செய்வதைவிட இதமானது குட்டிக்கு வேறென்ன? இங்கேதான் வீட்டுப் பழக்கம் மற்றப் பயிற்சிகளிலிருந்து வேறுபடுகிறது. 'உட்கார்' என்று சொல்லிக் குட்டி உட்காராவிட்டால் அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வரவேற்பறை மூலையில் சிறுநீர் கழித்தாலோ பரிசு அந்தக் கணமே, உடலுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. நீங்கள் பார்க்காமல் போன ஒவ்வொரு முறையும் அந்த மூலை குட்டிக்கு ஒரு பாடம் நடத்தி, மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறது. பிடிவாதக் குட்டி என்று பெயரெடுத்தவற்றில் மிகப் பல, வீட்டுக்குள் நூறு பாடம் முடித்து, வெளியே இருபதே பாடம் படித்தவை.

ஆகவே, நடந்த பிறகு திருத்துவதைவிட நடக்கவிடாமல் காப்பதில் உழைப்பைப் போடுங்கள். கண்ணெதிரே, கயிற்றில், அல்லது கூண்டில்: முதல் சில வாரம் குட்டி இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். வெளியே போனதற்கான தின்பண்டம் ஓரிரு நொடிக்குள் வாய்க்குள் போக வேண்டும். உள்ளே வந்து அலமாரியைத் திறந்து கொடுத்தால், குட்டி அதை வாசல் கதவுக்குக் கிடைத்த பரிசாகவே புரிந்துகொள்ளும். சட்டைப்பையில் பட்டாணி அளவுத் துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டி கழிக்கும்போதே உற்சாகக் குரல் கொடுத்தால் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவரும்; முடித்து நிமிரும்வரை பொறுங்கள். குந்தத் தொடங்கும்போது மட்டும் ஒரு சிறு சொல்லை அடங்கிய குரலில் சொல்லி வந்தால், நாளடைவில் அந்தச் சொல்லே உடலைத் தூண்டும். மழை நாளில் அதன் அருமை தெரியும்.

கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. படுக்கும் இடத்தை நனைக்கத் தயங்கும் அந்தப் பிறவிக் குணத்தை நம்பித்தான் கூண்டு வேலை செய்கிறது. நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் போதும். அதற்கு மேல் இருந்தால் ஒரு மூலை படுக்கையாகவும் மறு மூலை கழிப்பறையாகவும் ஆகிவிடும். வளரும் குட்டிக்குப் பெரிய கூண்டு வாங்கினால் நடுவில் தடுப்பு போடுங்கள். அடக்க முடியாத அளவு நேரம் பூட்டிவைத்தால் அந்தத் தயக்கமே செத்துப்போகும். அழுக்குக் கூண்டுகளில் நெருக்கியடித்து வளர்ந்து விற்பனைக்கு வரும் குட்டிகளிடம் அது ஏற்கெனவே செத்திருக்கும். தன் சிறுநீரிலேயே நிம்மதியாகப் படுக்கும் குட்டிக்குக் கூண்டு உதவாது. அதற்குக் கடிகாரமும் கயிறும்தான் வழி. இரவிலும் மூன்று மணிக்கொருமுறை அலாரம் வைத்து எழுப்பிக் கூட்டிப்போக நேரலாம்.

மிஞ்சி நிற்கும் வாசனை

மனித மூக்கில் சுமார் 50-60 லட்சம் மோப்ப ஏற்பிகள் இருப்பதாகச் சொல்வார்கள். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை. நீங்கள் துடைத்து, முகர்ந்து, சுத்தம் என்று தீர்மானித்த இடத்தில் குட்டிக்குப் பெரிய எழுத்தில் 'கழிப்பறை' என்று எழுதியிருக்கும். மணமூட்டிய தரைத் திரவம் அந்த எழுத்தை மறைக்காது. அம்மோனியா கலந்தது இன்னும் மோசம்; சிறுநீரிலும் அதே வாசனைதான். குளோரின் வெளுப்பான் சிறுநீரோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வெளியாகும், ஆகவே வேண்டாம். வேண்டியது, வாசனைக்குக் காரணமான பொருளையே சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம். ஈரத்தைத் துணியால் அழுத்தி ஒற்றியெடுத்துவிட்டு, திரவத்தைத் தாராளமாக ஊற்றுங்கள். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடமாவது, புட்டியில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அத்தனை நேரம், ஈரமாகவே விட்டுவைக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள் நொதிக்கு நேரமே கொடுக்கவில்லை. அந்த இடத்தில் அதற்குமுன் வேறு சோப்புத் திரவம் போட்டிருந்தால் வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள். அது நொதியைக் கெடுக்கக்கூடும்.

மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, செய்தித்தாளால் அடிப்பது இரண்டும் எனக்குச் சினமூட்டும் பழக்கங்கள். கொடுமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவை நேர் எதிரான பாடத்தையே கற்பிக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு முந்தைய ஈரத்தையும் இப்போதைய அடியையும் குட்டி இணைப்பதில்லை. கையும் களவுமாகப் பிடித்து அடித்தால் அது கற்பது ஒன்றுதான்: மனிதர் முன்னால் சிறுநீர் கழிப்பது ஆபத்து. அடுத்த முறை சோபாவின் பின்னால் போகும். வெளியே கயிற்றின் மறுமுனையில் நீங்கள் நின்றாலும் போகாது. 'தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்' என்ற வாதத்தை 2009-இல் நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தடுத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்று உரிமையாளர்களிடம் சில முறை மாற்றிச் சொல்லப்பட்டது. அந்தக் குற்றவாளி முகம் நாய் செய்த தப்பைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. கண்ணெதிரே நனைக்கத் தொடங்கினால் ஒரு கைதட்டலால் நிறுத்தி, தூக்கி வெளியே கொண்டுபோங்கள். அவ்வளவுதான் செய்யத் தகுந்தது.

நான்கைந்து வாரம் வீட்டுக்குள் ஒரு விபத்தும் இல்லையென்றால் அறைகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். 'வீடு' என்ற பொதுக்கருத்து குட்டிக்கு இல்லை. சமையலறையில் போகக் கூடாது என்று கற்றது, ஆளில்லாத மாடியறைக்கும் பொருந்தும் என்று அதற்குத் தெரியாது. புது அறையில் முதலில் அதனோடு உட்கார்ந்து விளையாடுங்கள், தூங்கவிடுங்கள். ஆறேழு மாதத்தில் ஆண் குட்டி காலைத் தூக்கி நாற்காலிக் காலில் சில சொட்டுகள் விட்டால் அது எல்லைக்குறி. பழைய பழக்கம் மறந்துவிடவில்லை. விருந்தாளியைக் கண்டதும் வயிற்றைக் காட்டிப் படுத்துக் கொஞ்சம் சிந்துவதும் வேறு விஷயம், பணிவின் வெளிப்பாடு. அதைத் திட்டினால் கூடும். குனியாமல், நேராக உற்றுப் பார்க்காமல், சத்தமின்றி வரவேற்றால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து மூன்று வாரமாகியும் மாற்றமே இல்லையென்றால் உடலைப் பார்க்க வேண்டும். அடிக்கடி குந்திச் சில சொட்டுகளே விட்டால், அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால், சிறுநீரில் சிவப்போ துர்நாற்றமோ தெரிந்தால் சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். பெண் குட்டிகளிடம் இது கூடுதல். தூங்கும்போதும் நடக்கும்போதும் இடைவிடாமல் கசிந்தால், சிறுநீர்க்குழாய் பையில் சேராமல் வேறிடத்தில் திறக்கும் பிறவிக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தினமும் தண்ணீர் குடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்தால் கணக்கு தெரிந்துவிடும். மலம் இளகியே இருந்தால் குடற்புழுவுக்கும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில், காலையில் விடும் முதல் சிறுநீரை, கழுவி உலர்த்திய தட்டையான கிண்ணத்தில் பிடித்து, மூடியுள்ள சுத்தமான புட்டியில் ஊற்றிக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். உணவு, தூக்கம், வெளியே போனது, உள்ளே நனைத்தது என்று நேரம் போட்டு எழுதிய ஒரு வாரக் குறிப்பையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.