கொடிவழி: முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்

“எங்கள் வம்சாவளியில் ஒரு பெரிய கவிஞர் இருந்திருக்கிறார்” என்று சொல்லும்போது யாருக்குமே குரல் கொஞ்சம் நிமிரும். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வம்சாவளி என்ற சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு என்ன சொல் என்று பார்த்தால், முன்னோரைத் தேடும் வேலையே கொஞ்சம் தெளிவாகிறது.

வடமொழியில் ‘வம்சம்’ என்றால் மூங்கில் என்றும் பொருள், குலம் என்றும் பொருள். கணுவுக்கு மேல் கணுவாக மூங்கில் வளர்வதை நினைத்துக்கொண்டால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு புரிந்துவிடும். ‘ஆவளி’ என்றால் வரிசை. தீபங்களின் வரிசை தீபாவளி. தலைமுறைகளின் வரிசை வம்சாவளி. அதாவது, இன்னாருக்குப் பின் இன்னார் என்று அடுக்கிச் சொல்லும் பட்டியல். “இந்திய வம்சாவளி அமைச்சர்” என்று செய்தியில் படிக்கும்போது அந்தப் பட்டியல் என்ற பொருள் மறைந்துபோய், பிறப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் “இந்திய வழிவந்த” என்று எழுதினாலே போதும்.

பட்டியல் என்ற பொருளில் இந்தச் சொல் நிஜமாகவே வாழ்ந்த காலம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரியான காலின் மெக்கன்சி 1821இல் இறப்பதற்கு முன் திரட்டிய சுவடிகளில் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் பல இருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வரும் கதை இது: முன்னோர் ஒருவர் அரசன் எதிரே வீரச்செயல் ஒன்று செய்வார், அரசன் மகிழ்ந்து பட்டமும் நிலமும் கொடுப்பான். இந்த நிலத்தை ஆள எங்களுக்கு உரிமை உண்டு என்று நிலைநாட்டத்தான் அதை எழுதினார்கள். அரசர்களும் இதையே செய்திருக்கிறார்கள். இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைச் சூரியனிடமிருந்தே தொடங்குகிறது. புகழ்பெற்ற முன்னோரைக் கண்டெடுக்கும் ஆசை அவ்வளவு பழையது.

வம்சாவளிக்கு ஆங்கிலத்தில் ஜீனியாலஜி என்று பெயர், அதன் வேர் கிரேக்கம். ‘கெனெயா’ என்றால் பிறப்பு வழி, தலைமுறை. ‘லோகோஸ்’ என்றால் உரை. நாம் நாய்க்கும் குதிரைக்கும் சொல்லும் ‘பெடிக்ரி’யின் கதை இன்னும் அழகு. அது பழைய பிரெஞ்சில் ‘கொக்கின் கால்’ என்ற பொருள்படும் தொடர். குலவரிசை எழுதும் தாளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் இணைக்க இழுத்த மூன்று கோடுகள் ஒரு பறவையின் விரல் பதிந்த மாதிரி இருந்ததால் வந்த பெயர்.

சரி, தமிழில்? ‘பரம்பரை’ என்று உடனே சொல்லத் தோன்றும். ஏழாம் தலைமுறை முன்னோருக்குப் பரன், பரை என்று உறவுப்பெயர்கள் இருந்தன, அவை சேர்ந்துதான் பரம்பரை ஆனது என்று ஒரு விளக்கம் ரொம்ப நாளாகப் பகிரப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. அது ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்ற பொருளுடைய வடசொல். ‘குடும்ப மரம்’ என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. பொருள் புரிகிறது, ஆனால் தமிழுக்கு அந்த மரம் தேவையே இல்லை. நம்மிடம் ஏற்கனவே ஒரு கொடி இருக்கிறது.

கொடிவழி. தமிழ் அகராதிகளில் குலவரிசை என்ற பொருளில் இந்தச் சொல் இருக்கிறது. ஏனோ பேச்சில் இல்லை. தாயையும் பிள்ளையையும் இணைப்பதைத் தொப்புள்கொடி என்கிறோம், நெருங்கிய இனத்தைத் தொப்புள்கொடி உறவு என்கிறோம். அந்தக் கொடியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மரம் நிமிர்ந்து நிற்கும், அடிமரம் எது என்று பார்த்ததும் தெரியும். கொடி அப்படியில்லை. பின்னும், பிரியும், வேறொன்றில் ஏறிப் படரும். குடும்பங்கள் உண்மையில் இப்படித்தான்.

அடுத்த பாதியான ‘வழி’ இன்னும் பழையது. “வாழ்க்கை வழியெஞ்சல் எஞ்ஞான்றும் இல்” என்ற குறளில் வழி என்பது சந்ததி. புறநானூற்றின் 201ஆம் பாட்டில் கபிலர், பாரியின் மகளிரை இருங்கோவேள் என்ற சிற்றரசனிடம் அழைத்துச் சென்று, அவனை “நாற்பத்தொன்பது வழிமுறை வந்த” வேள் என்கிறார். இன்று செய்யும் முறைக்குச் சொல்லும் ‘வழிமுறை’ அங்கே தலைமுறை! நடந்து போகும் பாதைக்கும் பிறந்து வந்த மரபுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி இது. தாய்வழி, தந்தைவழி, வழிவழியாக, வழித்தோன்றல் என்று எல்லாவற்றிலும் அந்தப் பாதை ஓடுகிறது. இதே காலத்துச் சொல் ‘மருகன்’. கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் “வளிதொழில் ஆண்ட உரவோன் மருக” என்று விளிக்கிறார்: காற்றை ஆண்டு கடலில் கலம் ஓட்டியவனின் வழித்தோன்றலே என்று. மருமகன் என்ற உறவு மட்டும்தான் இன்று நம் காதில் விழும்.

முன்னோரைத் தேடுகிறவர் இந்தச் சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. உங்களிடமிருந்து மேலே போனால் முன்னோர். கீழே வந்தால் வழித்தோன்றல். பக்கவாட்டில் பிரிந்தால் கிளை. பழந்தமிழில் கிளைஞர் என்றாலே சுற்றத்தார்தான். ஓர் உண்மைக் கதையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1485இல் போரில் இறந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. அடையாளம் காண உதவியவர்களில் ஒருவர், கனடாவில் பிறந்து லண்டனில் மரவேலை செய்துவந்தவர். அவர் ரிச்சர்டின் வழித்தோன்றல் அல்ல. ரிச்சர்டின் அக்காவிடமிருந்து மகள், மகளின் மகள் என்று இறங்கிவந்த கிளை. தாய் வழியாக மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்டிரியா டிஎன்ஏ இருவருக்கும் பொருந்தியது. ஆண்வழியில் ஆவணப்படி உறவினரான ஐந்து பேரைச் சோதித்தபோதோ, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே வரும் ஒய் குரோமோசோம் ஒருவருடையதுகூட மன்னருடையதோடு பொருந்தவில்லை. தாளில் இருந்த வரிசை ஏதோ ஒரு தலைமுறையில் அறுந்திருக்கிறது.

புகழ்பெற்ற முன்னோர் கிடைப்பது அரிது என்று நினைக்க வேண்டாம். தாய் தந்தை 2 பேர், தாத்தா பாட்டிகள் 4, அடுத்து 8. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். இருபதில் பத்து லட்சத்துக்கும் மேல். முப்பதில் 107 கோடி. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. அப்படியென்றால் ஒரே மனிதர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். கொடி தன்மேலேயே பின்னிக்கொள்கிறது. போதுமான தூரம் போனால் அரசனும் வருவான், அவன் குதிரைக்குப் புல் அறுத்தவனும் வருவான். எல்லாருக்குமே.

எனவே மேலே இருக்கும் பெரிய பெயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வருவதைவிட, தன் பெயரிலிருந்து ஒவ்வொரு கணுவாக மேலே ஏறுவதுதான் நம்பகமான வேலை. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சான்று வேண்டும்: பத்திரம், பதிவேடு, கடிதம், குறைந்தது நேரில் பார்த்த ஒருவரின் வாய்மொழி. இதைக் ‘கொடிவழித் தேடல்’ என்றே சொல்லலாம், கிடைப்பதை எழுதிவைத்தால் அது ‘கொடிவழிப் பட்டியல்’. வம்சாவளி என்ற சொல்லைப் பாளையக்காரர்களின் சுவடிகளுக்கு விட்டுவிடுவேன். உங்கள் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டுப் பேர் உண்டு. முதலில் அந்த எட்டுப் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராமல் நிற்கிற பெயர் பெரும்பாலும் ஒரு பெண்ணுடையதாக இருக்கும். தேடலை அந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.