புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறது, கைக்கு வேலை தெரியவில்லை: நர்சிங் படிக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியவை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன வருடம் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து, பக்கத்திலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி அழுதுகொண்டே போன் செய்தாள். "அக்கா, வயசான பாட்டிக்கு கேனுலா போடச் சொன்னாங்க. ரெண்டு தடவை குத்திட்டேன், வெயின் கிடைக்கல. கை வீங்கிடுச்சு. நீ நர்சிங்தான் படிச்சியான்னு டாக்டர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார்."

மறுநாள் அவளுடைய பிராசிஜர் புக்கை, அதாவது படிக்கும்போது பழகிய வேலைகளைப் பதிகிற புத்தகத்தை, கொண்டுவரச் சொன்னேன். கேனுலா என்பது மருந்து ஏற்ற நரம்பில் வைக்கிற சின்னக் குழாய். அந்த வரிக்கு நேரே பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று மூன்று கட்டம். மூன்றிலும் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. மூன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு. "பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லார் புக்கையும் மொத்தமா வாங்கி சைன் போட்டுக் கொடுத்தாங்கக்கா" என்றாள். அவள் அப்பா காசிமேட்டில் மூட்டை தூக்கி மூன்று வருடம் ஃபீஸ் கட்டியவர்.

நான் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். இப்படி வந்து நிற்கும் பெண்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்கள்மேல் தப்பே இல்லை. கேட்க உரிமை இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நர்சிங் படிப்புக்கு நாடு முழுவதற்கும் பாடத்திட்டம் வகுத்தது 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அதன் இடத்தில் ஆணையம் அமைக்க 2023ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. நம் மாநிலத்தில் படித்து முடித்தவர்களைப் பதிவு செய்வது சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சில். பி.எஸ்சி. நர்சிங்குக்குக் கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் வேண்டும்.

துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நான்கு வருடம். பள்ளி முடித்து நேராகச் சேர்வதற்கு இந்த மூன்றுதான் வழி. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் பக்கம் ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருக்கும் "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ" எதுவும் இதில் சேராது. அந்தச் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் பதிவு வாங்க முடியாது. பதிவு இல்லாமல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. நோயாளி உதவியாளர் வேலைக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது. அது கௌரவமான வேலைதான், அந்தப் பெயரைச் சொல்லியே சேர்த்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நர்ஸ் ஆகலாம் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் மோசடி.

இன்னொரு வலையும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திரா. "பேர் மட்டும் அங்க இருக்கும், பரீட்சைக்குப் போனா போதும்" என்று ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து பேசுவார். வார்டுக்குப் போகாமல் முடிக்கிற நர்சிங் படிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. வேறு மாநிலத்தில் ஒழுங்காகவே படித்திருந்தாலும், முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, அப்புறம்தான் இங்கே மாற்ற வேண்டும். படித்ததே பொய் என்றால் முதல் படியிலேயே கதவு மூடிவிடும்.

சேருவதற்கு முன் இணையத்தில் இரண்டு பட்டியல்களைப் பாருங்கள். ஒன்று தமிழ்நாடு கவுன்சிலுடையது. பி.எஸ்சி. என்றால் பல்கலைக்கழகத்துடையதும். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு, சேரப்போகும் வருடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்சி.க்கு அனுமதி வாங்கிவிட்டு அதே கட்டிடத்தில் அனுமதி இல்லாத இன்னொரு படிப்பையும் நடத்துபவர்கள் உண்டு. "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்ற பேச்சைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வார்டு எங்கே?

கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் கட்டிடத்தையும் பஸ்ஸையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியைப் பாருங்கள். கல்லூரிக்கென்று 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை வேண்டும், அதில் குறைந்தது 75 சதவீதப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் அளவுகோல். காலை பதினோரு மணிக்குப் போய் ஒரு நடை நடந்து பாருங்கள். விரிப்பு மடங்காத வெறும் கட்டில்கள் வரிசையாக இருந்தால், உங்கள் பெண் யாருக்கு ஊசி போட்டுப் பழகப்போகிறாள்?

எல்லா வகை நோயாளிகளும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். வடசென்னையில் அதற்கு வசதி அதிகம். ஸ்டான்லி இருக்கிறது, பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் மாணவிகளை அனுப்பக் கல்லூரி முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் அனுப்பி, கேட்டில் நிறுத்தி, யூனிஃபார்மோடு பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்து வீடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் வருகைப் பதிவேட்டில் எட்டு மணி நேரம் ஏறியது. சேரும்போதே கேளுங்கள்: பிரசவ வார்டு எங்கே, குழந்தைகள் வார்டு எங்கே, அனுமதிக் கடிதம் இந்த வருடத்துடையதா?

தியரிக்கு 80 சதவீத வருகை போதும். வார்டு வேலைக்கு, டிப்ளமோவோ பட்டமோ கையில் வருவதற்கு முன் 100 சதவீதம் முடித்தாக வேண்டும். டைபாய்டு வந்து இரண்டு வாரம் படுத்தால் அந்த இரண்டு வாரத்தையும் பின்னால் வேலை செய்துதான் ஈடுகட்ட வேண்டும். இங்கே சில கல்லூரிகள் நாளுக்கு இவ்வளவு என்று ஃபைன் வாங்கிக்கொண்டு கணக்கை நேர் செய்துவிடுகின்றன. மணி நேரத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம் என்று எந்த விதியிலும் இல்லை. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். "மேக்கப் டியூட்டி போட்டுக் கொடுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள்.

வார்டில் பத்து மாணவிகளுக்கு ஒரு ஆசிரியர் கூட நிற்க வேண்டும். நடப்பது வேறு. ஆசிரியர் இறக்கிவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவார்கள், லேபுக்கு டியூப் கொண்டு போவார்கள், ஃபைல் அடுக்குவார்கள். ஆள் பற்றாக்குறைக்குச் சம்பளமில்லாத கை கிடைத்துவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள் செய்வதில் தவறில்லை. ஒரு மாதம் முழுக்க அதையே செய்தால் அந்த மாதம் உங்களிடமிருந்து திருடப்பட்டது என்று அர்த்தம். பி.எஸ்சி.யில் 2021 பாடத்திட்டப்படி எட்டாவது செமஸ்டரில் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம் இன்டர்ன்ஷிப். மொத்தம் 1056 மணி நேரம். பெரிதாகக் கொள்ளை போவது அங்கேதான்.

கைக்கு வர வேண்டியது

எது எதைச் செய்திருக்க வேண்டும் என்ற பட்டியல் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பிரசவம் எத்தனை பார்க்க வேண்டும், எத்தனை கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு அச்சாகியிருக்கிறது. முதல் மாதத்திலேயே அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பட்டியலையும் இங்கே எழுதப்போவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாட்டிவிடுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கேனுலா. ஸ்கில் லேப் பொம்மைக் கையில் பழகுவது தொடக்கம்தான். வயதானவர்களின் புறங்கை நரம்பு மெல்லிய காகிதம் மாதிரி, கட்டு இறுக்கினாலே உடையும். கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும், மேலே குத்திக் கெடுத்துவிட்டால் கீழே இடமில்லை. இதை சீனியர் சிஸ்டர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் வரும். "சிஸ்டர், இன்னைக்கு ஒண்ணு நான் போடட்டுமா, நீங்க கூட நில்லுங்க" என்று கேளுங்கள். பத்தில் ஏழு பேர் சரி என்பார்கள்.

மருந்துக் கணக்கு. ஜென்டாமைசின் ஆம்பியூலில் 2 மில்லியில் 80 மில்லிகிராம் இருக்கும். குழந்தைக்கு 20 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் எத்தனை மில்லி? அரை மில்லி. ராத்திரி இரண்டு மணிக்கு, குழந்தை அழ, அம்மா அழ, இந்தக் கணக்கு மூச்சு விடுவது மாதிரி வர வேண்டும். பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதும் அப்படித்தான் மனதில் பதிந்திருக்க வேண்டும்.

பிரசவ அறையில் வலி எப்படி முன்னேறுகிறது என்று காட்டும் பார்ட்டோகிராஃப் வரைபடம் வரைவது, பிறந்த குழந்தையின் நிலைக்கு ஒன்றாவது நிமிடமும் ஐந்தாவது நிமிடமும் அப்கார் மதிப்பெண் போடுவது, அழாத குழந்தைக்குப் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுப்பது. இந்தக் கடைசி வேலையைப் பார்த்து மட்டும் விட்டுவிட்ட பெண்கள் ஏராளம். பெரியவர்களுக்கு இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர்.: 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். இரண்டு நிமிடம் செய்து பாருங்கள், கை ஓய்ந்துவிடும். அது தெரிந்திருந்தால்தான் ஆளை மாற்றிக் கூப்பிடத் தோன்றும். அப்புறம், டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைத்துச் சொல்வது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. சீனியர்கள் சொல்லும்போது தள்ளி நின்று கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

செய்யாத வேலைக்குக் கையெழுத்து வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் தைரியம் வராது, இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் ஒரு வழி சொல்கிறேன். சொந்தமாக ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, வார்டு, என்ன செய்தேன், கூட நின்றது யார். நோயாளியின் பெயரோ போட்டோவோ வேண்டாம். கல்லூரிப் புக்கில் சைன் இருந்து, உங்கள் நோட்டில் அந்த வரி காலியாக இருந்தால், அடுத்த வார்டு போஸ்டிங்கில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

ஊசி உங்கள் விரலில் குத்தினால்

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மாணவிகளுக்குப் போட வேண்டும், உடம்பு சரியில்லாமல் போனால் இலவச மருத்துவமோ காப்பீடோ கொடுக்க வேண்டும் என்று கவுன்சில் விதியில் இருக்கிறது. தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. சேர்ந்ததும் போட ஆரம்பித்தால்தான் பாதுகாப்பு. முதல் போஸ்டிங்குக்கு முன்னால் முதல் தவணையாவது போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். "வெளிய சொன்னா காலேஜ் பேர் கெட்டுடும்" என்று ஒரு மாணவியை இரண்டு நாள் வாய் மூட வைத்த இடம் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலையில் அம்மாதான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், நல்ல வேளை நேரம் இருந்தது.

அலைக்கழிப்பு

பல்கலைக்கழகத்தில் கேட்டால் கவுன்சிலில் கேளுங்கள் என்பார்கள். சாந்தோமுக்குப் போனால் கல்லூரிக் கடிதம் எங்கே என்பார்கள். கல்லூரியில் பிரின்ஸ்பால் லீவு. திருவொற்றியூரிலிருந்து மூன்று பஸ் மாறிப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அதனால் வாயால் கேட்பதை நிறுத்துங்கள். ஒரே கடிதம் எழுதி, கீழே எல்லாருடைய விலாசத்தையும் போட்டு, பிரின்ஸ்பால், கவுன்சில், பல்கலைக்கழகம் மூவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். தனியாக எழுதப் பயமாக இருந்தால் பெற்றோர்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதலாம்.

பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கவுன்சிலைக் கேளுங்கள்: இந்தக் கல்லூரிக்கு இந்த வருடம் எத்தனை இடம், கடைசியாக ஆய்வு செய்தது எப்போது, வார்டு பயிற்சிக்குக் காட்டிய மருத்துவமனைகள் எவை? 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் வேலை இல்லை என்றால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 6(3) என்ற பிரிவை மனுவிலேயே எழுதிவிடுங்கள், திருப்பி அனுப்பத் தயங்குவார்கள். ராஜாஜி சாலைக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம்.

படிப்பை நடுவில் விடுகிறேன் என்றால் மீதி வருட ஃபீஸையும் கட்டு, இல்லை என்றால் ஒரிஜினல் தர மாட்டோம் என்பது பழைய மிரட்டல். மதிப்பெண் சான்றிதழ் அடகு வைக்கிற பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. சேரும்போது சரிபார்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எந்தெந்தச் சான்றிதழ் கொடுத்தோம் என்று ரசீதாவது வாங்குங்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு வாரம் கல்லூரியை விடாதீர்கள். மார்க் ஷீட்டோடு, தியரி எத்தனை மணி நேரம், வார்டு எத்தனை மணி நேரம் என்று பாடவாரியாக எழுதிய டிரான்ஸ்கிரிப்டை சீலோடு இரண்டு பிரதி வாங்குங்கள். வெளிநாட்டுக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள், கல்லூரி மூடிவிட்டால் அதைத் தருவதற்கு ஆள் இருக்காது. ப்ளஸ் டூ மார்க் ஷீட், ஆதார், கடைசி வருட மார்க் ஷீட் மூன்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பதிவு மாதக்கணக்கில் நிற்கும். பெயர் தவறு என்றால் பரீட்சை ஹால் டிக்கெட் வரும் நாளிலேயே திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.