அலைச்சறுக்கு (சர்ஃபிங்): சொல் விளக்கம்

அலைச்சறுக்கு: பெயர்ச்சொல். கரையை நோக்கி வந்து உடையும் கடல் அலையின் முன்சரிவில், பலகைமேல் நின்றபடியோ படுத்தபடியோ சறுக்கி வருதல். ஆங்கிலத்தில் சர்ஃபிங். செய்தித்தாள்களில் 'அலை சறுக்கு' என்று பிரித்து எழுதுகிறார்கள். அலையில் சறுக்குவது என்று பொருள் விரிவதால் 'ச்' மிகும்; சேர்த்து எழுதுவதே சரி. 'நீர்ச்சறுக்கு' வேறு விளையாட்டு. அதில் மோட்டார் படகு கயிறு கட்டி இழுக்கும், அலை தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக்கும் விளம்பரங்கள் நிறைய வருகின்றன.

'சர்ஃப்' என்ற ஆங்கிலச் சொல் நம் கரையோடு தொடர்புள்ளது. 17ஆம் நூற்றாண்டில் அது எழுத்தில் வரும்போது இந்தியக் கடற்கரையைப் பற்றிய குறிப்புகளில்தான் வருகிறது. அதற்கு முந்தைய வடிவம் 'சஃப்'. இந்திய மொழி ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் ஊகிக்கிறார்கள், மூலம் உறுதியாகவில்லை. அன்று அதற்கு விளையாட்டு என்ற பொருள் கிடையாது. கரையோரத்தில் நுரைத்து உடையும் அலையைத்தான் அது குறித்தது. துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போடும். ஆட்களையும் சரக்கையும் அந்த அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள் என்பதால், அலை மோதினால் வளைந்து கொடுக்கும், பிளக்காது.

அந்தப் பொருளில் 'சர்ஃப்'புக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். 'அலைவாய்' இருக்கிறது. கடலோர ஊர்களில் 'அலைவாய்க்கரை' என்றால் அலை உடைந்து ஏறி இறங்கும் அந்தப் பட்டைதான். கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலைக்காரர்களுக்கு இது புதிய சொல்லும் அல்ல. ஆறுபடை வீடுகளில் பழனி திருவாவினன்குடி என்றால் திருச்செந்தூர் திருச்சீரலைவாய்.

விளையாட்டு ஹவாய் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே அதன் பெயர் 'ஹெஎ நலு'. ஹெஎ என்றால் சறுக்குதல், நலு என்றால் அலை. ஆக, அலைச்சறுக்கு என்ற தமிழ்ச்சொல் ஆங்கிலத்தைவிட ஹவாய்ச் சொல்லுக்கு நெருக்கமானது. 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்கு இதை வெளிநாடுகளில் செய்துகாட்டிப் பரப்பினார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் போட்டியாகச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது.

சறுக்குக்குப் பதில் 'வழுக்கு' ஏன் இல்லை? வழுக்குவது தரையின் குணம். மழை பெய்தால் பாறை வழுக்கும், நாம் விழுவோம். சறுக்குவதை விரும்பியும் செய்யலாம். பள்ளிக்கூடத்தில் இருப்பது சறுக்குமரம்தான். 'அலையேற்றம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது திசையையே தவறாகச் சொல்கிறது. அலை ஒரு நகரும் சரிவு. அதில் ஏறுவதில்லை, இறங்குகிறோம். கொடைக்கானல் பக்கத்துப் புல்சரிவில் சாக்கை விரித்து உட்கார்ந்து இறங்கும் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: உடலை முன்னால் சாய்த்தால் சாக்கு கிளம்பும், பின்னால் சாய்த்தால் நின்றுவிடும். இணையத்தில் 'சர்ஃப்' செய்வதற்கு மட்டும் சறுக்கு பொருந்தாது. அங்கே 'உலாவு' நிலைத்துவிட்டது.

'அலை பிடிப்பது' என்பதையும் ஏற்கலாம். பஸ் பிடிக்கிற மொழிக்கு அது உறுத்தாது.

பலகையின் உறுப்புகளுக்கும் மீனவர் வழக்கில் சொல் உண்டு. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பலகைக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஓரம் விளிம்பு. பலகையைக் காலோடு இணைத்துக் கட்டுவது கால்கயிறு. வழுக்காமல் நிற்க மேலே தேய்ப்பது மெழுகு. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்னுக்குச் 'செதில்' என்கிறார்கள். செதில் என்றால் மீனின் மேல்தோல் சில்லும் நினைவுக்கு வருவதால், ஃபின் என்றே விட்டுவிடுவது நல்லது.

இனி, அலையைப் பிடிப்பது எப்படி. அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடையும். ஒரு மீட்டர் அலை என்றால் ஏறக்குறைய நெஞ்சளவுத் தண்ணீரில். உடைந்த பிறகு நுரையாக உருண்டு வருவது நுரையலை. புதியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நுரையலையில்தான் தொடங்க வேண்டும். பலகை 8 முதல் 9 அடி, மேற்பரப்பு மென்மையான ஃபோம். 60 கிலோ ஆளுக்குப் பலகையின் கன அளவு 70, 80 லிட்டர் இருந்தால் நன்றாக மிதக்கும். படத்தில் பார்த்த 6 அடிப் பலகையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் குடித்துத் திரும்புவார்கள்.

பலகைமேல் குப்புறப் படுக்கும்போது கால்விரல்கள் அமரத்தின் ஓரத்தருகே இருக்கட்டும். அணியம் தண்ணீருக்கு மேல் இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். அலை மூன்று நான்கு மீட்டர் பின்னால் வரும்போதே இரு கைகளாலும் மாறி மாறித் துழாவத் தொடங்க வேண்டும். அமரம் தூக்கும், பலகை தானாக வேகமெடுக்கும். அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் துழாவுவதை நிறுத்துகிறார்கள். அலை அடியில் நழுவிப் போய்விடுகிறது. இன்னும் இரண்டு முறை அழுத்தமாகத் துழாவிய பிறகே கையை எடுக்க வேண்டும். பிறகு உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் பலகைமேல் பதித்து உடலை உயர்த்தி, பின்கால், உடனே இரு கைகளுக்கும் நடுவே முன்கால். முழங்கால் மடங்கியிருக்க, பார்வை கரையில். எந்தக் கால் முன்னால் என்பது அவரவர் பழக்கம், கால்கயிறு பின்காலில்.

அலை தவறுவதற்கு இன்னொரு காரணம், பின்னால் தள்ளிப் படுத்திருப்பது. அமரம் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும், வேகம் கிடைக்காது. அளவுக்கு மீறி முன்னால் போனால் அணியம் குத்தும், ஆள் தலைக்குப்புற. கை விளிம்பைப் பிடித்தால் பலகை ஒருபக்கம் சாயும். முழங்காலிட்டு எழுகிற பழக்கம் வந்துவிட்டால் விடுவது கடினம். தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். கீழே பார்த்தால் கீழேதான் போவோம்.

எழுந்து நிற்கும் அசைவுக்குக் கடல் வேண்டாம். கொடைக்கானலில் வீட்டுத் தரையில் சாக்பீஸால் நடுக்கோடு ஒன்று போட்டு, பாய் விரித்துப் பழகலாம்; இரு பாதங்களும் கோட்டின் மேலேயே விழ வேண்டும். நீச்சலை முன்பே சமவெளியில் ஒரு குளத்தில் கற்றுக்கொண்டு போகவேண்டும். பலகை மிதக்கிறதே என்று நம்பி இறங்கக் கூடாது. கால்கயிறு அறுவது உண்டு.

விழும்போது பக்கவாட்டில், உடலைப் பரப்பி விழவேண்டும். தலைக்குப்புறப் பாய்ந்தால் அடியில் மணல் ஒரு முழத்தில் இருக்கும். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும், பலகை திரும்பி வந்து அடிக்கும். அலைக்கும் உங்களுக்கும் நடுவே பலகையைப் பிடிக்காதீர்கள். கால்கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் பட்டையில் இறங்கவே கூடாது. உள்ளிழுக்கும் நீரோட்டம் அதுவாக இருக்கலாம். மாட்டிக்கொண்டால் கரைக்கு நேராகப் போராடாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாகத் துழாவி வெளியே வரவேண்டும்.

பழனி மலையிலிருந்து போகிறவர்களுக்குத் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு வசதி. அங்கே கடலுக்குள் நீண்ட முனையை ஒட்டி அலை வளைந்து வரும். காற்றே இல்லாத நாளில் தென்கடலிலிருந்து திடீரென எழும் 'கள்ளக்கடல்' ஏப்ரல், மே மாதங்களில் தென்கரையைத் தாக்குவது உண்டு. ஹைதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். அன்றைக்குப் பலகையைக் காரிலிருந்து இறக்கவே வேண்டாம்.

பலகையை மலைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்றடைக்கும் பலகையில் கொடைக்கானலில் 15 பவுண்டு அடித்துக் கொண்டுபோனால், அதே வெப்பத்தில் கரையில் 12 பவுண்டுக்குள்தான் காட்டும், நடுவில் தொய்யும். கரையில் 15 அடித்து மலையேறினால் 18ஐத் தாண்டும், தையல் பிரியலாம். காற்றை இறக்கிவிட்டே மலைப்பாதையில் ஏறவேண்டும். உள்ளே தெர்மகோலும் மேலே எபாக்சிப் பிசின் பூச்சும் உள்ள கெட்டிப் பலகை சிலவற்றில் காற்றுத்திருகு ஒன்று இருக்கும். மலை ஏறுமுன் வத்தலக்குண்டிலேயே அதைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்காற்று தோலைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். கடலில் இறங்குமுன் மறக்காமல் முடுக்க வேண்டும். திறந்திருந்தால் உள்ளே தண்ணீர் போகும், போன தண்ணீரைத் தெர்மகோலிலிருந்து எடுப்பது பெரும்பாடு.