சிறுநீரகப் புற்றுநோய்: ‘ஆய்வில் சேர்கிறீர்களா?’ என்று மருத்துவர் கேட்டால்

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் சிறுநீரில் ரத்தம் போனால் முதலில் ‘சூடு’ என்பார்கள், அடுத்தது ‘கல்’. வாழைத்தண்டுச் சாறு குடித்த இரண்டாம் நாள் ரத்தம் நின்றிருக்கும். ஆளும் கடலுக்குப் போய்விடுவார். சாறு குடிக்காவிட்டாலும் நின்றிருக்கும் என்பதுதான் ஆபத்து. கல்லென்றால் பெரும்பாலும் வலி இருக்கும். வலியில்லாமல் ஒரே ஒரு தடவை சிவந்து போனாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்போது அகப்பட்டால், பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.

பரவிவிட்டால் வழக்கமான கீமோ இந்த நோயிடம் அவ்வளவாக எடுபடாது. இன்றிருக்கும் மருந்துகள் எல்லாம், புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் சேர்ந்தவர்களால் வந்தவை. 750 பேரை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இன்டர்ஃபெரான் ஊசி நோயை 5 மாதம் நிறுத்திவைத்தது. சுனிடினிப் மாத்திரை 11 மாதம். 2018-இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகள் சேர்ந்து சுனிடினிபையே முந்தின. அதே ஆண்டில் கார்மெனா ஆய்வு, நோய் பரவியவர்களுக்கு முதலில் சிறுநீரகத்தை எடுத்தே ஆக வேண்டும் என்ற பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது: எடுக்காமல் மாத்திரை மட்டும் தின்றவர்கள் பின்தங்கவில்லை.

‘சோதனை எலி’ பயம் இருக்கட்டும், பயத்தைக் கேள்வியாக்குங்கள். பரவிய நோய்க்கான மூன்றாம் கட்ட ஆய்வில், அதாவது புது மருந்தைப் பழைய சிகிச்சையோடு ஒப்பிடும் ஆய்வில், புது மருந்து கிடைக்காத அணிக்கும் பெரும்பாலும் நடப்பிலுள்ள சிகிச்சை கிடைக்கும். அறுவைக்குப் பிந்தைய மருந்தாய்வில் ஓர் அணிக்கு வெற்று மருந்து (மருந்துச் சத்தில்லாத போலி மருந்து) இருக்கலாம். எது என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும், தமிழில் ஒப்புதல் படிவத்தின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

ஆய்வில் சேர மதுரைக்கோ சென்னைக்கோ போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போய்த் திரும்பி வருபவர்கள் அதிகம். பயாப்சியில் எடுத்த திசு வைத்த மெழுகுக் கட்டியும் சிடி ஸ்கேன் வட்டும் கையில் இருக்க வேண்டும்.

தேதி அடுத்த சிக்கல். ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால், கடலுக்குப் போக டோக்கன் கிடைக்கும் நாள் பார்த்துத் தள்ளிப்போட முடியாது. நாள் தானாகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தையொட்டி அமைந்தால் நல்லது. மாத்திரையால் உள்ளங்கை, பாதத்தில் வரும் கொப்புளம் போன்ற தொந்தரவுகள் முதல் இரண்டு மாதத்தில்தான் அதிகம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

வலைக்கயிறு இழுத்துக் காய்ப்பேறிய உள்ளங்கையில்தான் கொப்புளம் முதலில் வரும். தொடங்கும் முன்பே காய்ப்பைப் பக்குவமாக நீக்கி, யூரியா கிரீம் தடவி வாருங்கள். பசோபனிப் என்ற மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்து இரு மடங்காகிவிடும். காலையில் வழக்கமாகப் போடும் கேஸ் மாத்திரையோ அதைக் குறைத்துவிடும். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி கேட்கவே கேட்காதீர்கள், ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவர்கள் குறிப்பாக.

ஆய்வில் சேர்ந்தபின் காலி டப்பாவையும் மீந்த மாத்திரைகளையும் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்வார்கள். எண்ணுவார்கள். நான்கு நாள் விட்டுப்போனதை மறைக்க அந்த நான்கு மாத்திரைகளையும் கடலில் எறிந்துவிட்டு வந்தால், நோய் வளர்ந்திருக்கும்போது, மருந்தைத் தின்றும் வளர்ந்ததாகவே உங்கள் பெயரில் பதிவாகும். மருத்துவரும் உங்களுக்கு அந்த மருந்தையே நிறுத்திவிடக்கூடும்.