இரண்டு படைக்கும் நானே தளபதி

ஐப்பசி பிறந்தால் குன்னூரில் இருப்பவர்களுக்குப் பர்லியார் கவலை வந்துவிடும். எங்கே மண் சரியும், எந்த மரம் சாயும், மேட்டுப்பாளையம் சாலை எத்தனை நாள் அடைபடும் என்ற பேச்சுதான் எங்கும். அடைபட்டால் பஸ்கள் கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் தாமதமாகும். அப்படி ஒரு வாரத்தில்தான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான் தனியே ஆடும் போர்ப் பலகை விளையாட்டில், கோஹிமா முற்றுகை நடந்துகொண்டிருந்தது. கோஹிமா இன்றைய நாகாலாந்தின் மலை ஊர்; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதை முற்றுகையிட்டார்கள். ஜப்பானியப் படைக்கும் நானே தளபதி, பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் நானே தளபதி.

"இரண்டு பக்கத் திட்டமும் உங்களுக்கே தெரியுமே, பிறகு எதற்கு ஆட்டம்?" என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சதுரங்கத்தைத் தனியே ஆடினால் சீக்கிரம் சலித்துவிடும். போர்ப் பலகை சலிப்பதில்லை. அதற்கான காரணம் அதன் விதிகளுக்குள் இருக்கிறது.

1824இல் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், உண்மையான நிலவரைபடத்தின் மேல் காய்களை வைத்துப் பகடை உருட்டி ஆடும் ஒரு பயிற்சிக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். 1950களில் அமெரிக்காவின் சார்லஸ் ராபர்ட்ஸ் அத்தகைய விளையாட்டைப் பெட்டியில் போட்டுக் கடைகளில் விற்கத் தொடங்கினார். 1961 முதல் அவருடைய நிறுவனத்தின் பலகைகளில் சதுரங்களுக்குப் பதில் அறுகோணங்கள் வந்தன. சதுரக் கட்டத்தில் குறுக்காகப் போனால் நேராகப் போவதைவிட 1.4 மடங்கு தூரம். அறுகோணத்தில் அக்கம்பக்கத்து ஆறு கட்டங்களும் ஒரே தூரம். தேன்கூட்டைப் போன்ற அந்த அமைப்பில் எந்தத் திசையில் போனாலும் யாருக்கும் சலுகை கிடைக்காது.

என் வரைபடத்தை நானே சார்ட் தாளில் வரைந்தேன். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டியெடுத்த சிறு சதுரங்கள்தான் காய்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள்: தாக்கும் வலிமை, ஒரு முறைக்கு நகர எத்தனை புள்ளி செலவிடலாம் என்பது. சாலைக் கட்டத்துக்கு அரைப் புள்ளி செலவு, காட்டுச் சரிவுக்கு மூன்று. பகைவரின் காய்க்கு அடுத்த கட்டத்தில் கால் வைத்ததும் நின்றாக வேண்டும். ஒவ்வொரு காயும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் அப்படி அதட்டி வைத்திருக்கும். அதனால்தான் நடுவில் இரண்டு கட்டம் காலியாக விட்டும் ஒரு மலைமுகட்டைக் காக்க முடிகிறது.

சண்டை விகிதக் கணக்கு. 12 வலிமையுள்ளவர் 4 வலிமையுள்ளவரைத் தாக்கினால் 3:1. தாக்குபவரிடம் 11தான் இருந்தால் மிச்சத்தைத் தள்ளிவிட்டு 2:1 என்றே கொள்ள வேண்டும். எதிரி குன்றின் மேல் இருந்தால் அவருடைய வலிமை இரட்டிப்பு. 12க்கு 8, ஆக வெறும் 1:1. விகிதத்துக்குரிய பத்தியைப் பார்த்துப் பகடையை உருட்டினால், யார் பின்வாங்குவது, யார் அழிவது, இருவருக்குமே சேதமா என்று அட்டவணை சொல்லிவிடும். 3:1 என்பது வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல, நல்ல வாய்ப்பு மட்டுமே. அந்த ஒற்றைப் புள்ளிக்காக ஒரு பட்டாலியனை இரண்டு நாள் காட்டுக்குள் நடக்க வைக்கிறோம்.

பகடையை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடக் கூடாது. தளபதிக்குத் தெரியாதவை, தூதன் வழி தவறியது, ஈரத்தில் நனைந்த வெடிமருந்து, தூங்காத சிப்பாய் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். எந்தப் பகடை என்பதும் முக்கியம். ஒற்றைப் பகடையில் ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் சம வாய்ப்பு. தாயக்கட்டை அப்படியல்ல. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம் கொண்ட இரண்டு கட்டைகள் 16 விதமாக விழலாம். கூட்டினால் மூன்று வர 4 வழி. தாயம் விழ 2 வழி. இரண்டும் வெற்று முகமாக விழுந்து பன்னிரண்டு கிடைக்க 1 வழிதான். நடுத்தரம் அடிக்கடி, உச்சம் அபூர்வம். கோஹிமாவில் குடிநீரும் குண்டுகளும் விமானத்திலிருந்து பாராசூட்டில் போடப்பட்டன. சில எதிரியின் கையில் போய் விழுந்தன. அதற்கு நான் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டையை உருட்டுகிறேன். தாயத்தில் பன்னிரண்டு விழுந்தால் கொண்டாட்டம். என் அட்டவணையில் அது வந்தால் தண்ணீர் முழுவதும் ஜப்பானியர் பக்கம். நான்காம் நாள் ஆட்டத்தில் அதுவே விழுந்தது. கட்டைகள் மேசையில் உருண்டு நின்றதும் சற்று நேரம் எழுந்து போய்ச் சன்னல் பக்கம் நின்றேன்.

தனியாட்டத்தின் உயிர்நாடி வரிசை. முதலில் இவர், பிறகு அவர் என்று மாறி மாறி நகர்த்தினால் எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு படைப்பிரிவின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கிறேன். எடுத்த பிரிவு மட்டும் நகரும். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையேதான். ஜப்பானியருக்கு 4 சீட்டு, எதிரணிக்கு 3. முதல் இரண்டும் ஜப்பானியருடையதாக வர வாய்ப்பு 4/7 பெருக்கல் 3/6, அதாவது 2/7. மூன்றரை முறைக்கு ஒரு முறை, பதில் சொல்ல விடாமல் அவர்கள் இரண்டடி அடித்துவிடுவார்கள். என் திட்டம் எனக்குத் தெரியும், ஆனால் அது எப்போது நடக்கும் என்று தெரியாது. இதற்கு மேல், என்ன செய்வது என்று மனம் ஒரு பக்கம் சாயும்போது மூன்று வழிகளை எழுதுவேன். 1 முதல் 3 விழுந்தால் நிதானமான வழி, 4, 5 என்றால் துணிச்சலானது, 6 என்றால் பைத்தியக்காரத்தனமானது.

விழுந்த பகடையை மாற்றக் கூடாது. 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை, பசிபிக் கடலில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலை முன்கூட்டி ஆடிப் பார்த்தது. அமெரிக்க விமானங்களின் ஒன்பது குண்டுகள் தங்கள் கப்பல்கள் மேல் விழுந்ததாகப் பகடை சொன்னது. அட்மிரல் உகாகி அதை மூன்றாகக் குறைத்தார். மறு மாதம் உண்மையான கடலில் அவர்களுடைய நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. ஆட்டத்தைப் பொய்யாக்க ஒருவர் வேண்டியிருந்தால் அதற்குத் தனியே ஆடுபவனைவிட வசதியானவன் வேறு இல்லை. அதனால் உருட்டிய எண், அதற்கு முன் நான் எடுத்த முடிவு, அதற்கான காரணம் மூன்றையும் உடனுக்குடன் நோட்டில் எழுதுகிறேன். பிறகு அதிலிருந்து போரின் கதையை எழுதும்போது எங்கே பகடை கவிழ்த்தது, எங்கே நான் கவிழ்த்தேன் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

கோஹிமாவை நான் திரும்பத் திரும்ப ஆடுவதற்குக் காரணம் அது ஆடு புலி ஆட்டம் போன்றது. மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. பலமும் வேறு, நோக்கமும் வேறு. 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சுமார் 1,500 போர்வீரர்கள் 12,000க்கும் மேற்பட்ட ஜப்பானியரைத் தடுத்து நின்றார்கள். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். இவர்கள் வெல்ல வேண்டியதில்லை, நின்றால் போதும். என் விதிப்படி, ஒரு காயிலிருந்து தன் சாலை வரை பகைவரில்லாத கட்டங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும்; அறுந்தால் வலிமை பாதி. ஜப்பானியத் தளபதி சாத்தோவின் படை ஏறத்தாழ மூன்று வார உணவோடுதான் மலையேறியது. மே மாத இறுதியில், மேலிடத்து உத்தரவை மீறி அவர் பின்வாங்கத் தொடங்கினார். ஜூன் 22இல் கோஹிமா–இம்பால் சாலை திறந்தது. சாலை அடைபட்ட ஊரில் உட்கார்ந்து அந்த விதியை எழுதுபவனுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கோத்தகிரி வழி இருப்பதால்தான் நாங்கள் பாதியாகாமல் இருக்கிறோம்.

சாத்தோ கோஹிமாவைச் சுற்றி ஒரு சிறு படையை விட்டுவிட்டு, 74 கிலோமீட்டர் தள்ளி திமாப்பூரில் இருந்த பிரிட்டிஷ் படையின் கிடங்குகளை நோக்கிப் போயிருந்தால்? பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் அஞ்சியது அதைத்தான். அடுத்த ஆட்டத்தில் நான்கில் மூன்று பிரிவுகளை அந்தச் சாலையில் இறக்கப்போகிறேன். வரைபடத்தை வடமேற்கே இன்னும் இரண்டு சார்ட் தாள் அளவுக்கு நீட்ட வேண்டும். மழை விட்டதும் கடைக்குப் போக வேண்டும்.